வளையத்தில் முடங்கும் முதல்

டிஜிட்டல் சினிமா கேமரா வாங்குகிறவர்கள் விலையையும் 'கே' கணக்கையும் பார்க்கிறார்கள். பத்து வருடத்துக்கு அவர்களைக் கட்டிப்போடும் சங்கதியோ கேமராவின் முகப்பில் இருக்கிறது. மான்குர்திலிருந்து அந்தேரி வரை எடுபடும் மவுண்ட் எது?

கேமரா வாங்கக் கடைக்குப் போகிறவர் முதலில் கேட்பது, "எத்தனை கே?" அடுத்தது விலை. மூன்றாவதாக பாட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்பது. லென்ஸைப் பொருத்தும் அந்த உலோக வளையத்தைப் பற்றிய கேள்வி பெரும்பாலும் பில் போட்ட பிறகுதான் வருகிறது. சினிமாக்காரர்கள் அதை மவுண்ட் என்பார்கள். கேமராவை நாலைந்து வருடத்தில் விற்றுவிடலாம். அதற்கென்று வாங்கிச் சேர்த்த லென்ஸ்களை அப்படித் தள்ளிவிட முடியாது. கேமராவுக்குப் போட்ட பணத்தைவிட லென்ஸுக்குப் போட்ட பணம் அதிகமாகிவிடுவதும் இந்தத் தொழிலில் சகஜம். ஆகவே ஒருவர் உண்மையில் வாங்குவது கேமராவை அல்ல, வளையத்தை.

இந்தக் கணக்கு பெரிய கம்பெனிகளுக்கு அவ்வளவாக வலிக்காது. வலிப்பது மான்குர்த் மாதிரி இடங்களில். மும்பை ஹார்பர் ரயில் பாதையில் செம்பூர், கோவண்டி தாண்டினால் மான்குர்த். 1992-ல் கடற்கழியைக் கடந்து வாஷிக்குப் பாதை போகும்வரை ரயில் இங்கேதான் முடிந்தது. ஒரு பக்கம் டிராம்பே அணுசக்தி வளாகம். அந்தத் திசையில் கேமராவைத் திருப்புவதற்கே யோசிக்க வேண்டும். இன்னொரு பக்கம் 1927-லிருந்து நகரத்தின் குப்பையைச் சுமக்கும் தேவ்னார் கிடங்கு. சற்றுத் தள்ளி, 1976-ல் ஜனதா காலனியிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களைக் கொண்டு உருவான சீட்டா கேம்ப். தாராவியிலும் மாட்டுங்காவிலும் போலவே இந்தப் பகுதிகளிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, மாரியம்மன் கோயில் விழா, மாதா கோயில் தேர் எல்லாவற்றுக்கும் வீடியோ உண்டு. அதை எடுக்கிற இளைஞர்களுக்குக் குறும்படக் கனவும் உண்டு.

சினிமா இங்கே தூரத்துச் சரக்கும் அல்ல. 1948-ல் ராஜ் கபூர் தொடங்கிய ஆர்.கே. ஸ்டூடியோ செம்பூரில்தான் இருந்தது. 2017-ல் தீப்பிடித்து, 2019-ல் கோத்ரெஜ் ப்ராப்பர்ட்டீஸ் கைக்குப் போனது. தேவ்னாரில் இருக்கும் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் ஊடகப் படிப்பு உண்டு. 1992-93 கலவரத்துக்குப் பின் தாராவியில் சமாதானத்துக்காக உழைத்த இருவரைப் பற்றிய 'நாத்தா' என்ற ஆவணப்படத்தை 2003-ல் எடுத்த அஞ்சலி மொன்டேரோ, கே.பி. ஜெயசங்கர் இருவரும் அங்கே பேராசிரியர்களாக இருந்தவர்கள். அந்தக் காலத்து ஆவணப்படக்காரர்களுக்கு மவுண்ட் ஒரு கவலையே அல்ல. 2000-ல் வந்த சோனி பி.டி.150, 2002-ல் வந்த பானசோனிக் டி.வி.எக்ஸ்.100 போன்ற கேமராக்களில் லென்ஸைக் கழற்றவே முடியாது. கொடுத்ததை வைத்து எடுக்க வேண்டியதுதான். சுதந்திரம் வந்த பிறகே தலைவலியும் வந்தது.

குக்கர் மூடியை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம். ஒரு கம்பெனி குக்கரின் மூடி இன்னொரு கம்பெனி குக்கரில் உட்காராது. விட்டம் வேறு, பூட்டும் விதம் வேறு. லென்ஸும் அப்படித்தான். ஆனால் இதில் மூன்றாவதாக ஓர் அளவு இருக்கிறது, எல்லாவற்றையும் தீர்மானிப்பது அதுதான்: வளையத்தின் முகத்திலிருந்து உள்ளே இருக்கும் சென்சார் வரைக்குமான தூரம். கேமராக்காரர்கள் இதை ஃப்ளாஞ்ச் தூரம் என்கிறார்கள். சினிமா உலகின் பொது வளையமான பி.எல்.-லில் இது 52 மில்லிமீட்டர். நிக்கானின் பழைய எஃப் வளையத்தில் 46.5. கேனானின் இ.எஃப்.-பில் 44. மைக்ரோ நாலில் மூன்று என்ற வகையில் 19.25. கேனானின் புதிய ஆர்.எஃப்.-பிலும், லைக்கா, பானசோனிக், சிக்மா போன்ற கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் எல் வளையத்திலும் 20. சோனியின் இ வளையத்தில் 18. நிக்கானின் இசட்டில் 16.

இந்த எண்களிலேயே பாதி விடை இருக்கிறது. தூரம் குறைவான கேமராவில், தூரம் அதிகமான லென்ஸைப் பொருத்தலாம். நடுவே வித்தியாசத்துக்கு ஒரு குழாயைப் போட்டால் போதும். 18 மி.மீ. சோனியில் 44 மி.மீ. கேனான் லென்ஸை மாட்ட 26 மி.மீ. குழாய். பி.எல். லென்ஸை மாட்ட 34 மி.மீ. குழாய். இதைத்தான் அடாப்டர் என்று விற்கிறார்கள். தலைகீழாகச் செய்ய முடியாது. பி.எல். கேமராவில் இ.எஃப். லென்ஸைப் போட வேண்டுமானால் லென்ஸ் எட்டு மில்லிமீட்டர் கேமராவுக்குள் இறங்க வேண்டும். நடக்காத காரியம். நடுவில் கூடுதல் கண்ணாடி வைத்து ஒப்பேற்றலாம், படத்தின் தரத்தில் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவு தூரம் எதற்கு வைத்தார்கள்? கண்ணாடிக்காக. மூனிச்சின் ஆரி கம்பெனி 1937-ல் கொண்டுவந்த ஆரிஃப்ளெக்ஸ் 35 கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே சுழலும் ஒரு கண்ணாடி இருந்தது. ஒளிப்பதிவாளர் கண் வைத்துப் பார்ப்பதற்கான வெளிச்சத்தை அது திருப்பிவிடும். அது சுழல இடம் வேண்டும். ஆகவே 52 மில்லிமீட்டர். 1980-களின் தொடக்கத்தில் ஆரி தன் பழைய பூட்டுகளை மாற்றி பி.எல். வளையத்தைக் கொண்டுவந்தபோதும் தூரத்தை மாற்றவில்லை. ஸ்டில் கேமராக்காரர்கள் 44, 46.5 என்று வைத்ததற்கும் காரணம் கண்ணாடிதான். அங்கே அது சுழலாமல் படக்கென்று மேலே எழும்பும். இன்றைய டிஜிட்டல் கேமராவில் கண்ணாடியே கிடையாது. படம் மின்சாரமாகத் திரைக்கு வந்துவிடுகிறது. இல்லாத கண்ணாடிக்கு எதற்கு இடம் என்று கேட்டுத்தான் புதிய வளையங்கள் எல்லாம் 16, 18, 20 என்று சுருங்கின. தூரம் சுருங்கச் சுருங்கப் பழைய லென்ஸ்கள் எல்லாம் உள்ளே வரக் கதவு திறந்தது.

பின்பக்க இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஸ்டான்லி குப்ரிக்கின் கதையைச் சொல்வார்கள். 1975-ல் வந்த 'பேரி லிண்டன்' படத்தின் மெழுகுவர்த்திக் காட்சிகளுக்காக, நாசாவுக்கென்று ஜைஸ் செய்த எஃப்/0.7 லென்ஸ்களில் மூன்றை அவர் வாங்கினார். அதன் கடைசிக் கண்ணாடி ஃபிலிமிலிருந்து வெறும் நாலு மில்லிமீட்டர் தூரத்தில் நிற்க வேண்டும். கண்ணாடி சுழலும் கேமராவில் அதற்கு வழியில்லை. எட் டிஜூலியோ என்ற நிபுணர் ஒரு மிட்செல் பி.என்.சி. கேமராவின் உள்பக்கத்தைச் செதுக்கி அதைப் பொருத்திக் கொடுத்தார். பிறகு அந்தக் கேமராவில் வேறு லென்ஸ் போட முடியாமல் போனது. குப்ரிக்குக்குக் கட்டுப்படியானது. நகையை அடகு வைத்துக் கேமரா வாங்குகிறவருக்குக் கட்டுப்படியாகாது.

தமிழ் சினிமா டிஜிட்டலுக்கு வந்த பாதையிலேயே இந்த இரண்டு உலகங்களும் தெரிகின்றன. பி.சி. ஸ்ரீராம் இயக்கிய 'வானம் வசப்படும்' 2004-லேயே டிஜிட்டலில் வந்துவிட்டது. 2009-ல் கமல்ஹாசனின் 'உன்னைப்போல் ஒருவன்' ரெட் ஒன் கேமராவில் எடுக்கப்பட்டது. 2007-ல் சந்தைக்கு வந்த அந்தக் கேமராவின் முகப்பில் இருந்தது பி.எல். வளையம். அதாவது ஃபிலிம் காலத்திலிருந்து அவுட்டோர் யூனிட்காரர்களிடம் இருந்த லென்ஸ்களை அப்படியே மாட்டலாம். கேமரா புதிது, லென்ஸ் பழையது, அதைக் கையாளும் உதவியாளரின் பழக்கமும் பழையதே. மாற்றம் அலுங்காமல் நடந்ததற்கு அந்த வளையம் ஒரு காரணம்.

அடுத்த அலை கீழேயிருந்து வந்தது. 2011-ல் அமோல் குப்தேவின் 'ஸ்டான்லி கா டப்பா' மும்பையில் கேனான் 7டி என்ற ஸ்டில் கேமராவில் எடுக்கப்பட்டது. அடுத்த வருடமே பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9'. விஜய் மில்டன் ஒளிப்பதிவு, அதே 7டி. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. கல்யாண வீட்டில் பார்த்த கேமராவில் ஒரு முழுப் படம் எடுத்துத் தியேட்டரில் ஓட்டலாம் என்பது தெரிந்ததும் நாடு முழுவதும் இளைஞர்கள் பார்வை இ.எஃப். வளையத்தின் பக்கம் திரும்பியது. பத்திரிகைப் புகைப்படக்காரர், ஸ்டூடியோ வைத்திருப்பவர், கல்யாண வீடியோக்காரர் எல்லோரிடமும் கேனான் லென்ஸ் இருந்தது. இரவல் வாங்கலாம், கோட்டைப் பகுதிக் கடைகளில் பழையது வாங்கலாம். 2012-ல் அறிவிக்கப்பட்ட பிளாக்மேஜிக்கின் முதல் சினிமா கேமராவும் இ.எஃப்.-போடுதான் வந்தது. ஏழைகளின் பி.எல். என்றே அதைச் சொல்லலாம்.

ஆனால் இ.எஃப். சினிமாவுக்காகப் பிறந்ததல்ல, அது வேலையில் தெரியும். லென்ஸையே திருகிப் பூட்டும் வளையம் அது. ஃபோகஸ் இழுக்க மோட்டாரும் பல்சக்கரமும் மாட்டினால் லென்ஸ் மயிரிழை அசையும். திரையில் படம் துள்ளும். பி.எல்.-லில் லென்ஸ் அசையாது. நாலு காதுகள் உள்ள லென்ஸை நேராக உள்ளே வைத்துவிட்டு, கேமராவில் இருக்கும் வளையத்தைத் திருகினால் இறுகிக்கொள்ளும். பல கிலோ எடையுள்ள ஜூமைத் தாங்குவதற்கென்றே செய்தது. இ.எஃப். லென்ஸின் இன்னொரு தொல்லை அதன் அப்பர்ச்சர். 1987-ல் பிறந்தபோதே கேனான் அதை முழுக்க மின்சாரத்திடம் விட்டுவிட்டது; லென்ஸில் திருகுவதற்கு வளையம் கிடையாது. மின் தொடர்பு இல்லாத மலிவு அடாப்டரில் மாட்டினால் துவாரம் முழுக்கத் திறந்தபடியே நிற்கும். மே மாத வெயிலில் மான்குர்த் மேம்பாலத்தில் நின்று ஷூட் செய்கிறவருக்கு அது ஆகாது.

1987 என்ற அந்த வருடம் கேமரா வாங்குகிற எல்லோரும் நினைவில் வைக்க வேண்டியது. அதற்கு முன் கேனானின் வளையம் எஃப்.டி. அதன் தூரம் 42 மி.மீ. இ.எஃப். 44-க்குப் போனதும் எஃப்.டி. லென்ஸ்கள் புதிய கேமராக்களில் ஒழுங்காக உட்கார வழியில்லாமல் போயிற்று. இரண்டே மில்லிமீட்டரில் பல வருடச் சேமிப்பு அலமாரிக்குப் போனது. நிக்கான் 1959-ல் போட்ட எஃப் வளையத்தை அடிப்படையில் மாற்றாமல் அறுபது வருடம் ஓட்டியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேடிக்கை என்னவென்றால் கண்ணாடி இல்லாத கேமராக்கள் வந்ததும் எஃப்.டி. லென்ஸ்கள் உயிர்த்தெழுந்தன. 18 மி.மீ. சோனியில் 42 மி.மீ. லென்ஸ் ஒரு குழாயில் உட்கார்ந்துகொள்கிறது.

சரி, செம்பூர் - மான்குர்த் வட்டாரத்தில் ஒரு வீடியோக்காரர் கேமரா வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கொஞ்சம் சீட்டுப் பணம், கொஞ்சம் நகைக் கடன், மீதி மாதத் தவணை. அவருடைய சோறு கல்யாணத்தில். ஆசை குறும்படத்தில். வேலையில்லாத நாட்களில் கேமராவை அந்தேரி, கோரேகான் பக்கம் வாடகைக்கு விட்டால் தவணை கட்டலாம் என்ற கணக்கும் இருக்கிறது. இந்த மூன்றும் மூன்று வளையங்களைக் கேட்கின்றன என்பதுதான் சிக்கல்.

கல்யாணத்தில் அவர் தனி ஆள். தாலி கட்டும் நேரத்தில் உறவினர் முதுகுகளுக்கு நடுவே இடம் பிடித்து, ஃபோகஸும் பார்த்து, விளக்குப் பிடிக்கிற பையனையும் கவனிக்க வேண்டும். ஆட்டோ ஃபோகஸ் இல்லாமல் இன்று அந்த வேலை நடக்காது. அதற்கு கேமராவும் லென்ஸும் மின்சாரத்தில் பேசிக்கொள்ள வேண்டும். சோனியின் இ, கேனானின் ஆர்.எஃப்., நிக்கானின் இசட் போன்ற புதிய வளையங்கள் இதற்கென்றே பிறந்தவை. பி.எல். லென்ஸுக்குப் பொதுவாக இந்த வித்தை தெரியாது. பி.எல். மட்டும் உள்ள கேமராவோடு கல்யாணத்துக்குப் போகிறவர் கூடவே ஒரு ஃபோகஸ் உதவியாளரையும் கூட்டிப்போக வேண்டும். பெண் வீட்டார் அவருக்கும் சேர்த்தா கூலி கொடுப்பார்கள்?

குறும்படத்துக்கு ஆட்டோ ஃபோகஸ் முக்கியமில்லை. அங்கே நடிப்பவர் நின்று, திரும்பி, பார்க்கும் நேரத்தில் ஃபோகஸ் மாற வேண்டும். எப்போது மாற வேண்டும் என்பதை இயக்குநர்தான் முடிவு செய்வார். ஸ்டில் லென்ஸில் ஃபோகஸ் வளையம் கொஞ்சம் திருப்பினாலே முழுத் தூரத்தையும் கடந்துவிடும். சில புது லென்ஸ்களில் திருப்பும் வேகத்தைப் பொறுத்து ஃபோகஸ் மாறும், குறி போட்டு வைத்தால் திரும்ப அந்த இடத்துக்கு வராது. இதற்கு 1977-லிருந்து வந்த நிக்கானின் ஏ.ஐ. வகை லென்ஸ்கள் மாதிரி கையால் இயக்கும் பழைய சரக்கே மேல். மலிவு, உலோகக் கட்டு, அப்பர்ச்சர் வளையம் லென்ஸிலேயே உண்டு. குட்டையான வளையமுள்ள எந்தக் கேமராவிலும் குழாய் போட்டு மாட்டிக்கொள்ளலாம்.

வாடகைக் கணக்கு வேறு மாதிரி. விளம்பரப் படத்துக்கு வரும் ஒளிப்பதிவாளர் குக், ஜைஸ் என்று பெயர் சொல்லித்தான் லென்ஸ் கேட்பார். அவை அந்தேரி வாடகை நிறுவனங்களில் பி.எல். வளையத்தோடு காத்திருக்கின்றன. லட்சக்கணக்கில் விலையுள்ள அந்தப் பெட்டியைச் சொந்தமாக வாங்கத் தேவையில்லை, நாள் வாடகைக்கு எடுத்தால் போதும். கேமரா அதை ஏற்கவேண்டும், அவ்வளவுதான். ஏற்காத கேமராவுக்கு அழைப்பு வராது.

மூன்றையும் சமாளிக்க இன்றைய தேதியில் நியாயமான வழி, குட்டை வளையமுள்ள கேமராவை வாங்கி, நல்ல பி.எல். அடாப்டர் ஒன்றைத் தனியாகச் சேர்ப்பது. சோனி தன் மேல்தட்டு கேமராவான வெனிஸிலேயே 2017-ல் இதைத்தான் செய்தது: முன்னால் பி.எல்., அதைக் கழற்றினால் உள்ளே இ. கேனானின் சி300 மூன்றாம் பதிப்பு, பிளாக்மேஜிக்கின் அர்ஸா மினி ப்ரோ போன்றவற்றில் முகப்பையே திருகு கழற்றி மாற்றலாம். விலை குறைந்த கேமராக்களில் இந்த வசதி அபூர்வம். 2024-ல் பிளாக்மேஜிக் அறிமுகப்படுத்திய பிக்சிஸ் 6கே, எல், இ.எஃப்., பி.எல். என்று மூன்று வகையில் வந்தது. வாங்கும்போதே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் எல் வளையத்தைக் கேட்பவர் பின்னால் இ.எஃப்.-புக்கும் பி.எல்.-லுக்கும் குழாய் போட்டுக்கொள்ளலாம். பி.எல். கேட்டவர் பி.எல்.-லோடு நிற்க வேண்டியதுதான். பார்வைக்கு கம்பீரமாக இருக்கிறது என்று பி.எல். வாங்குகிறவர்கள் இல்லாமலில்லை.

குட்டை வளையத்துக்கு இன்னொரு லாபம் உண்டு. குழாய்க்குள் கூடுதல் கண்ணாடி வைத்துப் படத்தைச் சுருக்கும் உத்தி ஒன்றை மெட்டாபோன்ஸ் கம்பெனி 2013-ல் பிரபலமாக்கியது. பெரிய சென்சாருக்கான லென்ஸைச் சிறிய சென்சாரில் குவிக்கும்போது வெளிச்சம் ஒரு ஸ்டாப் கூடுகிறது. தெருவிளக்கில் எடுக்கிறவர்களுக்கு அது பெரிய உதவி.

அடாப்டர் வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். இது வெறும் குழாய்தானே, குர்லா பக்கம் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டால் ஆசை அடங்கும். குழாயின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு கூடிவிட்டால், அதாவது தலைமுடியின் தடிமனைவிடக் குறைவாக, 18 மி.மீ. லென்ஸில் முடிவிலிக் குறி வைத்தும் ஃபோகஸ் ஆறரை மீட்டரில் நின்றுவிடும். 100 மி.மீ. லென்ஸில் அதே தவறு 200 மீட்டரில் நிற்கும், யாருக்கும் தெரியாது. ஆகவே அகலக் கோண லென்ஸ்தான் குட்டை உடைக்கும். இதற்குப் பயந்து மலிவு அடாப்டர் செய்கிறவர்கள் நீளத்தை வேண்டுமென்றே கொஞ்சம் குறைத்துச் செய்வதுண்டு. முடிவிலி தப்பாமல் கிடைக்கும். ஆனால் லென்ஸில் அச்சடித்த அடிக்கணக்கு எதுவும் பொருந்தாது. டேப் பிடித்து அளந்து குறி போடும் உதவியாளர் திண்டாடுவார். ஜூம் லென்ஸில் நெருக்கத்தில் வைத்த ஃபோகஸ் அகலத்துக்கு வரும்போது கலைந்துபோகும். நல்ல அடாப்டர்களில் ஷிம் என்ற மெல்லிய தகடுகளைச் சேர்த்தோ எடுத்தோ இதைச் சரிசெய்யலாம். வாடகை நிறுவனங்களில் அதற்கான அளவுக் கருவியும் ஆளும் இருப்பார்கள்.

வளையம் பொருந்திவிட்டது என்பதால் படம் முழுக்க விழும் என்றும் சொல்ல முடியாது. பழைய பி.எல். லென்ஸ்களில் பெரும்பாலானவை 35 மி.மீ. சினிமா ஃபிலிமின் சட்டத்துக்காகச் செய்தவை. ஏறக்குறைய 25 மி.மீ. அகலம். இன்றைய முழு ஃப்ரேம் சென்சார் 36 மி.மீ. அகலம். அதில் மாட்டினால் நான்கு மூலையும் இருட்டும். கேமராவில் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும் வசதி இருக்கிறதா, அப்போது எத்தனை 'கே' மிஞ்சும் என்பதைக் கடையிலேயே கேட்டுவிட வேண்டும். ஆரியே பெரிய சென்சாருக்காக 2018-ல் எல்.பி.எல். என்ற அகலமான வளையத்தைக் கொண்டுவந்தது. தூரம் 44 மி.மீ. பழைய பி.எல். லென்ஸ்கள் அதில் எட்டு மில்லிமீட்டர் அடாப்டரோடு உட்கார்ந்துகொள்ளும். வைத்திருப்பவர்களைக் கைவிடாமல் வளையம் மாற்றுவது எப்படி என்பதற்கு இது உதாரணம். 1987-ல் கேனான் செய்தது எதிர் உதாரணம்.

கம்பெனி அரசியலையும் பார்க்க வேண்டியிருக்கிறது. சோனி 2011-ல் இ வளையத்தின் அடிப்படை விவரங்களை மற்ற லென்ஸ் கம்பெனிகளுக்குக் கட்டணமில்லாமல் கொடுத்தது. இன்று அந்த வளையத்தில் பல கம்பெனிகளின் லென்ஸ்கள் பல விலைகளில் கிடைப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். கேனான் ஆர்.எஃப்.-பை இறுகப் பிடித்துக்கொண்டது. 2022-ல் ஒரு சீன கம்பெனி தன் ஆர்.எஃப். ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ்களை நிறுத்திக்கொள்ள நேர்ந்தது. 2024-ல்தான் சிக்மாவும் டாம்ரானும் உள்ளே வந்தன, அதுவும் சிறிய சென்சாருக்கான லென்ஸ்களோடு. ரெட் கேமராக்காரர்கள் கதை இன்னும் சுவாரஸ்யம். 2020-ல் வந்த ரெட் கொமோடோ, கேனானின் ஆர்.எஃப். வளையத்தோடு வந்தது. நம்பி ஆர்.எஃப். லென்ஸ் சேர்த்தவர்கள் உண்டு. 2024-ல் ரெட் கம்பெனியையே நிக்கான் வாங்கிவிட்டது. 2025 பிப்ரவரியில் ரெட்டின் இரண்டு கேமராக்கள் நிக்கானின் இசட் வளையத்தோடும் வந்தன. இனி அந்த வீட்டில் எந்த வளையத்துக்குச் செல்லம் அதிகம் என்று ஊகிக்க ஜோதிடம் தேவையில்லை.

இந்த ஊகங்களில் சிக்காமல் இருக்க அனுபவசாலிகள் செய்வது ஒன்றுண்டு. லென்ஸுக்குப் பணம் போடும்போது தூரம் அதிகமான வளையத்தில் போடுகிறார்கள். பி.எல்., நிக்கான் எஃப், இ.எஃப். எல்லாம் அந்த ரகம். குட்டை வளையமுள்ள கேமரா எது வந்தாலும் அவை கூடவே வரும். கேமரா வாங்கும்போது தூரம் குறைந்ததாக வாங்குகிறார்கள். ஆட்டோ ஃபோகஸுக்கென்று இ அல்லது ஆர்.எஃப்.-பில் ஒன்றிரண்டு லென்ஸோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கேமராவோடு சேர்த்து அந்த ஒன்றிரண்டை மட்டும் விற்றால் போதும். 2007-ன் ரெட் ஒன்னை இன்று தேடுவாரில்லை. அதைவிடப் பல பத்தாண்டுகள் முந்திய குக் ஸ்பீட் பான்குரோ லென்ஸ்களுக்குப் பி.எல். வளையம் மாற்றி இன்றும் படம் எடுக்கிறார்கள்.

மான்குர்துக்கென்று தனியாக ஒரு கவலை இருக்கிறது: தூசி. 2016 ஜனவரியில் தேவ்னார் கிடங்கு எரிந்தபோது புகை நகரத்தையே மூடியது. சாதாரண நாளிலும் லாரித் தூசிக்குக் குறைவில்லை. கண்ணாடி இல்லாத கேமராவில் லென்ஸைக் கழற்றினால் சென்சார் திறந்து கிடக்கும். 16 மில்லிமீட்டர் உள்ளே என்றால் கைக்கெட்டும் தூரம். ஒவ்வொரு ஷாட்டுக்கும் லென்ஸ் மாற்றுகிறவருக்கு இந்தத் தெருக்களில் சென்சார் துடைக்கும் செலவு நிச்சயம். ஒரே ஜூமை மாட்டிக் கழற்றாமல் எடுப்பது இங்கே அழகியல் முடிவல்ல, பராமரிப்பு. அடாப்டரை கேமராவில் நிரந்தரமாக விட்டுவைத்து, லென்ஸை அதன்மேல் மாற்றுவதும் சிலர் வழக்கம். சென்சார் ஒரு கிணற்றின் அடியில் இருப்பது போல் ஆகிவிடுகிறது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழை. அந்த ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பூக்கும். பழைய லென்ஸ் வாங்குகிறவர் டார்ச் அடித்துப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

அடாப்டருக்கும் அதேபோல் ஒரு சோதனை உண்டு, கடை வாசலிலேயே செய்யலாம். இருப்பதில் மிக அகலமான லென்ஸை மாட்டி, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, தூரத்து மாடிக் கட்டடம் ஒன்றைப் பார்த்து முடிவிலிக் குறியில் வைக்க வேண்டும். கேமராத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் ஜன்னல் கம்பிகள் தெளிவாக இருக்க வேண்டும். குறிக்கு முன்பே தெளிந்து, குறியில் மங்கினால் குழாய் குட்டை. குறி வரை போயும் தெளியாவிட்டால் குழாய் நீளம். ஜூம் இருந்தால் நெருக்கத்தில் ஃபோகஸ் வைத்து அகலத்துக்கு இழுத்துப் பார்க்க வேண்டும். கடைசியாக லென்ஸைப் பிடித்து லேசாக அசைத்துப் பார்க்க வேண்டும். ஆடினால் எந்தக் கம்பெனி பெயர் பொறித்திருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம், பில் கையில் இருக்கும்போதே.